ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குத் தம்பிக்கு ஒரு கேமிங் பிசி

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். தம்பி ஓ லெவல் எழுதி முடித்துவிட்டான், பிசி கேட்டு நிற்கிறான். வெலொரண்ட், ஜிடிஏ 5, எஃப்சி (கால்பந்து) என்ற மூன்று கேமும் ஓட வேண்டும். ஏ லெவல் ஒன்லைன் வகுப்புக்கும் அதுவேதான். மொனிட்டருக்குத் தனியாகக் காசு இருக்கிறது, பெட்டிக்கு ஒன்றரை இலட்சம் ரூபா. வீடு கொழும்பு வெள்ளவத்தையில் கடல் பக்கம். ஒரு கடையில் தந்த கோட்டேஷனை எடுத்துக்கொண்டு "இது சரியா அண்ணா?" என்று கேட்கிறீர்கள்.

அந்தக் கோட்டேஷனில் ஐந்து வரி. கோர் ஐ7 ப்ரொசெசர், 16 ஜிபி ரேம், 4 ஜிபி விஜிஏ (திரையில் வரும் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்ட்), 500 வாட் பவர் சப்ளை, ஆர்ஜிபி (கலர் லைட்) கேசிங். பெரிய பெரிய எண்கள் இருக்கின்றன, ஒரு மாடல் பெயர்கூட இல்லை. நீங்கள் திரும்பிப் போய்க் கேட்டதும் ஐ7 என்றது 3770 என்றும், விஜிஏ என்றது ஜிடி 730 என்றும் சொன்னார்களாம். கேட்டது நல்ல காரியம். வாங்க வேண்டாம்.

3770 மோசமான ப்ரொசெசர் இல்லை, அந்தக் காலத்தில் அது ராஜா. அந்தக் காலம் 2012. நான்கு கோர் (உள்ளே வேலை செய்யும் மூளைகள்), எட்டு த்ரெட் (அவை ஒரே நேரத்தில் எடுக்கும் வேலைகள்). 2022இல் வந்த ஐ3 12100க்கும் அதே நான்கு கோர், எட்டு த்ரெட்தான், ஆனால் வேகத்தில் ஐ3 எளிதாக முந்திவிடும். பெயரில் 7 இருப்பதும் 3 இருப்பதும் ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடத்தான் உதவும். இந்தப் பழைய சிப்களுக்கென்றே சீனாவில் எச்61 மதர்போர்ட்களை (எல்லாப் பாகமும் மாட்டும் பலகை) புதிதாகச் செய்து அனுப்புகிறார்கள். பெட்டி புதுசு, போர்ட் புதுசு, மேலே இருக்கும் சிப் ஏதோ அலுவலகத்தில் பத்து வருஷம் உழைத்துக் களைத்தது.

வேகத்தைவிடப் பெரிய பிரச்சினை வேறு. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் (3770 மூன்றாம் தலைமுறை), கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். "அதெல்லாம் பைபாஸ் பண்ணிப் போட்டுத் தருவோம்" என்று கடையில் சொல்வார்கள். போடலாம், விண்டோஸ் ஓடும். ஆனால் வெலொரண்டோடு வரும் வேன்கார்ட் என்ற காவற்காரன் விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0வும் செக்யூர் பூட்டும் (பிசி ஒன் ஆகும்போதே விண்டோஸில் யாரும் கை வைக்கவில்லை என்று உறுதிப்படுத்தும் வசதி) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவான். இல்லையென்றால் வேன் 9001 என்று ஒரு எரர் வரும், கேம் திறக்காது. தம்பி முதலாவதாகக் கேட்கும் கேமே ஓடாத பிசிக்கு ஒன்றரை இலட்சம் கொடுப்பானேன்?

அடுத்தது அந்த "4 ஜிபி விஜிஏ". ஜிடி 730, 2014இல் வந்த கார்ட். வீடியோ பார்க்கவும் இரண்டு மொனிட்டர் மாட்டவும் என்று செய்த சாமான். 4 ஜிபி என்பது கிடங்கின் அளவு மட்டும். அதற்குள்ளிருந்து சரக்கு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதுதான் கேமுக்கு முக்கியம். 64 பிட் டிடிஆர்3 வகை ஜிடி 730இல் அது செக்கனுக்கு 14.4 ஜிபி. கேமுக்கென்று செய்த ஆர்எக்ஸ் 6600இல் 224 ஜிபி. இனி யாராவது விஜிஏவை வெறும் ஜிபி கணக்கில் சொல்லி விற்றால் மாடல் எண்ணைக் கேளுங்கள். அதைச் சொல்லத் தயங்கும் கடையில் மற்ற சாமானையும் வாங்காதீர்கள்.

சரி, என்ன வாங்குவது? உங்கள் காசுக்கு, இந்த மூன்று கேமுக்கு, நான் சொல்வது விஜிஏ கார்டே இல்லாத ஒரு பிசி. தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான் என்று தெரியும், காரணத்தைச் சொல்லுங்கள்.

ரைசன் 5 5600ஜி என்று ஒரு ப்ரொசெசர். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 2021இல் கடைக்கு வந்தது. கடைசியில் இருக்கும் ஜி என்ற எழுத்துக்குப் பொருள், வேகா 7 என்ற கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது என்பது. அந்த ஜிடி 730ஐவிட இது எவ்வளவோ மேல். வெலொரண்ட் 1080பி திரையில், செட்டிங்கைக் குறைத்து வைத்தால் செக்கனுக்கு நூறு ஃப்ரேமுக்கு (படத்துக்கு) மேல் தாராளமாகப் போகும். ஜிடிஏ 5 நடுத்தர செட்டிங்கில் அறுபதுக்குப் பக்கத்தில் நிற்கும். எஃப்சிக்கு எல்லாவற்றையும் குறைக்க வேண்டும், ஆனால் விளையாடலாம். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 கேட்டால் மட்டும் மூச்சு வாங்கும். புதிதாக வரும் பெரிய பெரிய கதைக் கேம்களை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த ப்ரொசெசர் எடுத்தால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது: ரேம் இரண்டு துண்டாக வர வேண்டும். ஒரே 16 ஜிபி துண்டு இல்லை, எட்டும் எட்டும். தனிக் கார்ட் என்றால் அதற்குச் சொந்த மெமரி இருக்கும். 5600ஜிக்கு அது இல்லை, ரேமிலிருந்துதான் கடன் வாங்கும். கொழும்பில் பக்கம் பக்கமாக ஓடும் இரண்டில், காலிக்குப் போகும் காலி வீதியை மட்டும் வைத்துக்கொண்டு டூப்ளிகேஷன் வீதியை மூடிவிட்டால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பம்பலப்பிட்டி எப்படி இருக்குமோ, ஒரு துண்டு ரேமோடு அந்த கிராஃபிக்ஸ் அப்படித்தான் இருக்கும். கணக்கில் சொன்னால், டிடிஆர்4 3200 ரேம் ஒன்று செக்கனுக்கு 25.6 ஜிபி கடத்தும், இரண்டு சேர்ந்தால் 51.2. கடைக்காரர் "பிறகு இன்னொன்று போட இடம் இருக்கட்டும்" என்று ஒற்றைத் துண்டைத் தள்ளப் பார்ப்பார். நான்கு ரேம் சொக்கட் உள்ள போர்டாக எடுத்தால் அந்தக் கவலையும் இல்லை.

ரேம் விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன வருஷம் பிசி வாங்கிய யாரிடமாவது விலை கேட்டிருப்பீர்கள், அந்தக் கணக்கு இப்போது பொருந்தாது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று இதில் மட்டும் சண்டை பிடிக்காதீர்கள். புது வகை ரேமான டிடிஆர்5 மட்டுமே ஏற்கும் ஏஎம்5 போர்டுக்குப் போகாமல், 5600ஜி உட்காரும் பழைய ஏஎம்4 சொக்கட் போர்டிலேயே நில்லுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஏஎம்5 எதிர்காலத்துக்கு நல்லதுதான். ஆனால் எதிர்காலத்துக்கென்று செலவழித்துவிட்டு இன்றைக்கு 8 ஜிபி ரேமோடு உட்கார முடியாது.

மதர்போர்ட் பி450யோ பி550யோ ஏ520யோ எதுவானாலும் பரவாயில்லை, மொனிட்டர் மாட்ட எச்டிஎம்ஐ இருக்கட்டும். பழைய பி450 ஸ்டொக் என்றால் பயோஸ் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யாமல் 5600ஜியை அடையாளம் காணாது, கடையிலேயே செய்து படம் வருவதைக் காட்டச் சொல்லுங்கள். பிளாட்டில் ரவுட்டர் ஹோலில், பிசி அறையில் என்றால் வைஃபை உள்ள போர்ட் வேண்டும், அல்லது ஒரு கேபிள் இழுக்க வேண்டும். கேபிள்தான் நல்லது. மும்பை சேர்வருக்கோ சிங்கப்பூர் சேர்வருக்கோ பிங் (போய்த் திரும்பும் நேரம்) எகிறினால் எந்த விஜிஏவும் அதைக் குறைக்காது.

விண்டோஸையும் கேமையும் வைக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் 500 ஜிபிக்குக் குறைந்து வேண்டாம். ஜிடிஏ 5உம் எஃப்சியும் தலைக்கு நூறு ஜிபி அளவில் இடம் பிடிக்கும். 256 எடுத்தால் ஒன்றை அழித்துத்தான் மற்றதைப் போடலாம். போர்டிலேயே செருகும் என்விஎம்இ வகைதான் இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிறது. ஜென் 4 (நான்காம் தலைமுறை) என்று கூடக் காசு கேட்டால் ஜென் 3 போதும், கேம் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது நான் அதிகம் பேசப் போகும் சாமான், யாரும் கண்டுகொள்ளாத பவர் சப்ளை. பல வருஷத்துக்கு முன் கேசிங்கோடு இலவசமாக வந்த "600 வாட்" ஒன்றை நான் பாவித்தேன். ஒரு நாள் இரவு பட் என்று சத்தம், எரிந்த வாடை. அது தனியாகப் போயிருந்தால் சரி, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனது. அந்த டிஸ்க்கில் என் பல்கலைக்கழக புரொஜெக்ட் இருந்தது. விற்ற கடையில் "லைட்னிங் அடித்திருக்கும்" என்றார்கள். அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

மேலே ஒட்டியிருக்கும் பெரிய எண்ணை நம்பாதீர்கள், பக்கத்தில் இருக்கும் சின்ன அட்டவணையைப் பாருங்கள். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். ப்ரொசெசரும் விஜிஏவும் குடிப்பது இந்த 12 வோல்ட்டில்தான், ஆகவே வெளியே 500 என்று எழுதியிருந்தாலும் அது உங்களுக்கு 216 வாட் பெட்டிதான். நல்ல 500 வாட் சப்ளையில் 38 ஆம்பியரோ அதற்கு மேலோ இருக்கும். 80 ப்ளஸ் முத்திரையும் பாருங்கள். அது செயல்திறனுக்கான சான்று, ஆயுளுக்கான சான்று இல்லை, ஆனாலும் குப்பைகளை வடிகட்ட உதவும். தெரிந்த பிராண்ட், 450 அல்லது 500 வாட், தனிப் பெட்டியில் வந்தது, குறைந்தது மூன்று வருஷ வொரண்டி.

5600ஜிக்கு இவ்வளவு வாட் எதற்கு என்று கேட்பீர்கள். இன்றைக்குத் தேவையில்லை, உண்மை. 65 வாட் ப்ரொசெசர் அது. ஆனால் அடுத்த வருஷம் தம்பி ஒரு விஜிஏ கார்ட் கேட்பான், கட்டாயம் கேட்பான். அப்போது ஆர்எக்ஸ் 6600 ஒன்று வாங்கினால் அது 132 வாட். மற்றதெல்லாம் சேர்த்தாலும் நல்ல 450 வாட் சப்ளை தாங்கும். கார்டை மட்டும் வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது. மட்டமான சப்ளை என்றால் அன்றைக்கு அதையும் தூக்கியெறிய வேண்டி வரும். என்னைக் கேட்டால் பிசியில் முதலில் நல்லதாக வாங்க வேண்டியது பவர் சப்ளை, கடைசியாக வாங்க வேண்டியது விஜிஏ. பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அந்தக் கார்டை வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ப்ரொசெசரும் கார்டும் பேசும் பாதைக்குப் பிசிஐஇ என்று பெயர், 5600ஜி அதில் 3.0 வரைதான் பேசும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 இரண்டும் அந்தப் பாதையில் நான்கே லேன் (தடம்) உள்ள கார்ட்கள், 4.0 போர்டில் போட்டால்தான் முழு வேகம் தரும். உங்கள் பிசியில் போட்டால் காசில் ஒரு பகுதி தண்ணீரில். ஆர்எக்ஸ் 6600க்கு எட்டு லேன், பிரச்சினை இல்லை. ஆர்டிஎக்ஸ் 3050இல் 6 ஜிபி வகை 70 வாட்தான், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மின் வயர்கூட வேண்டாம், அதுவும் சரி.

"அடுத்த வருஷம் எதற்கு, ஒரு மாதத்தில் கார்டுக்குக் காசு சேர்ந்துவிடும்" என்றால் கதை மாறும். அப்போது 5600ஜி வேண்டாம், ஜி இல்லாத 5600 எடுங்கள். அதில் கேஷ் மெமரி (ப்ரொசெசருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) இரட்டிப்பு, 16க்குப் பதில் 32 எம்பி, பிசிஐஇ 4.0வும் உண்டு. இன்டெல் பக்கம் என்றால் ஐ3 12100எஃப். ஆனால் இந்த இரண்டிலும் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, கார்ட் வரும்வரை மொனிட்டர் கறுப்பாகத்தான் இருக்கும். வகுப்பு இருக்கும் பிள்ளைக்கு அது சரிவராது.

யூஸ்ட் விஜிஏ வாங்கி ஒன்றரை இலட்சத்துக்குள்ளேயே முடிக்கலாமா? முடியும், ஆனால் உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. இக்மன் தளத்து விளம்பரங்களில் ஆர்எக்ஸ் 580 நிறையக் காண்பீர்கள், பல கிரிப்டோ காசு எடுக்கும் மைனிங் கொட்டகையில் இரவு பகல் ஓடியவை. 2048எஸ்பி என்று ஒரு குறைந்த வகையும் உண்டு, விற்பவர் அதைச் சொல்ல மறந்துவிடுவார். பழைய கார்டை 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்கும் கூத்தும் நடக்கிறது. ஜிபியூ-இசட் என்ற சின்ன மென்பொருள் அந்த மாதிரிப் போலிகளைக் கண்டால் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே காட்டிவிடும். எதுவானாலும் விற்பவர் வீட்டில், அவர் பிசியில், அரை மணி நேரம் கேம் ஓடவிட்டுப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். 1050 டிஐ அடங்கும் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதுக் கேம் டிரைவர்களை என்விடியா 2025இலேயே நிறுத்திவிட்டது, அதையும் விலை பேசும்போது நினைவில் வையுங்கள்.

காசு ஒன்றரை இலட்சத்திலிருந்து குறைந்தால் மட்டும் யூஸ்ட் ஒஃபிஸ் பிசி பக்கம் பாருங்கள். டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்றவை, எட்டாம் தலைமுறை ஐ5க்குக் குறையாமல். வேலைத்தரம் நன்றாக இருக்கும். ஆனால் சின்னப் பெட்டியில் லோ ப்ரொஃபைல் என்ற உயரம் குறைந்த கார்ட்தான் நுழையும், பவர் சப்ளையும் அந்தக் கம்பெனியின் தனி வடிவம், பழுதானால் யூனிட்டி பிளாசா கணினிக் கடைத்தொகுதியில் முதல் கடையில் கிடைக்காது.

யூனிட்டி பிளாசா என்றதும் ஞாபகம் வருகிறது. பம்பலப்பிட்டிக்குப் போவீர்கள்தானே, ஒரே நாளில் வாங்கிவிடாதீர்கள். முதல் நாள் மாடல் எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நான்கைந்து கடை ஏறி இறங்கி விலை மட்டும் எடுங்கள். சொன்ன விலைக்குள் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) அடங்குமா, வங்கிக் கார்டில் கட்டினால் கூட்டுவார்களா என்று கேளுங்கள். ஒரே கடையில் எல்லாம் எடுத்தால் பாகங்களைப் பொருத்தித் தருவார்கள், பிறகு ஏதும் நடந்தால் "அது அவர்களுடைய சாமான்" என்று கை காட்ட முடியாது. அதற்காக இரண்டாயிரம் ரூபா கூடினாலும் நான் கொடுப்பேன்.

பில்லின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு வருஷ வொரண்டி என்றால் 350 நாள் என்று சிலர் அச்சடித்திருப்பார்கள். எரிந்த அடையாளம், உடைவு, துருப்பிடித்தல் எல்லாம் வொரண்டிக்கு வெளியே. துரு என்ற சொல் உங்களுக்கு முக்கியம். கடல் பக்க வீட்டில் ஜன்னல் கிரில்லே எப்படி அரிக்கிறது என்று பாருங்கள், அதே உப்புக் காற்றுத்தான் போர்டுக்குள்ளும் போகும். கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே பிசியை வைக்காதீர்கள், தரையிலும் வேண்டாம். ஓடாமல் வாரக்கணக்கில் கிடப்பதைவிடத் தினமும் கொஞ்சம் ஓடுவது நல்லது, சூட்டில் ஈரம் காயும். கேசிங்கில் முன்பக்கம் கண்ணாடி இல்லாமல் வலையாக, இரண்டு ஃபேனோடு இருந்தால் போதும். ஆர்ஜிபி இருந்தால் இருக்கட்டும், தம்பிக்கும் ஒரு சந்தோஷம் வேண்டுமே.

கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பிசியை ஓடவைக்கும் யூபிஎஸ் ஒன்று பட்ஜெட்டில் இல்லையென்றால் அடுத்த மாதச் சம்பளத்தில் போடுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி நாடு முழுக்க இருட்டானது ஞாபகம் இருக்கும். அந்தக் குரங்கு திரும்ப வராவிட்டாலும் மழைக்கால வெட்டும் ஏற்ற இறக்கமும் வரும். 650 விஏ போதும், பிசியைச் சரியாக அணைக்க நேரம் கிடைத்தால் சரி.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு வேலை. பயோஸில் எக்ஸ்எம்பியை (ரேமை முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) ஒன் செய்யுங்கள், இல்லாவிட்டால் 3200க்குக் காசு கொடுத்த ரேம் பெரும்பாலும் 2400இலோ 2666இலோ ஊர்ந்துகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் தெரியும். அதோடு செக்யூர் பூட் ஒன்னா என்று பாருங்கள். கடையில் அவசரத்தில் விண்டோஸை லெகசி என்ற பழைய முறையில் போட்டிருந்தால் அது ஒன் ஆகாது, வெலொரண்ட் மறுபடி வாசலிலேயே நிற்கும். முடிந்தால் வாங்கும் நாளிலேயே தம்பியைக் கூட்டிக்கொண்டு போய் இந்த இரண்டையும் கடை மேசையிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

புதுக் கோட்டேஷன் எடுத்ததும் மாடல் எண்களோடு அனுப்புங்கள். பவர் சப்ளையின் பக்கத்து அட்டவணையையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.